கட்டுச்சோறும் பிறர் பந்தியும்

நெடும்பயணம் என்று முடிவானதும் நம்மவர் இல்லங்களில் பெட்டி கட்டும் வேலைக்கு முன்பே கட்டுச்சோறு கட்டும் வேலை தொடங்கிவிடும். முதல் வேளைக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்டிலி. இரண்டாம் வேளைக்குப் புளியோதரை. மூன்றாம் வேளைக்குப் பாலை மிகுதியாக ஊற்றிச் சிறிதே உறை விட்டுப் பிசைந்த தயிர்ச்சோறு. இடையிடையே கொறிப்பதற்கு முறுக்கும் தட்டையும். டில்லி ரயிலானாலும் ஹௌரா ரயிலானாலும், தமிழ்க் குடும்பம் ஒன்று ஏறியிருக்கிறது என்பதை, அடுக்குப் பாத்திரத்தைத் திறந்த மாத்திரத்தில் அந்தப் பெட்டியிலுள்ளோர் அனைவரும் அறிந்துகொள்வர்.

இவ்வழக்கத்தைக் குறை கூற நாங்கள் முற்படவில்லை. கைப்பொருளுக்கும் உடல்நலத்துக்கும் அது ஏற்றது. பழங்காலத்தில் அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியின்போது ரயில் நிலையங்களில் 'இந்துத் தண்ணீர்', 'முஸ்லிம் தண்ணீர்' என்று குடிநீரையே பிரித்து வழங்கினர். உணவுச் சாலைகளில் சாதி பார்த்து இடம் ஒதுக்கியதும் உண்டு. யார் சமைத்தது, யார் தொட்டது என்ற அச்சம் நிறைந்திருந்த அந்நாளில் கட்டுச்சோறு ஒரு வேலியாக அமைந்தது. தண்ணீர்ப் பிரிவினை ஒழிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வேலி மட்டும் நம்மில் பலர் உள்ளத்தில் இன்னும் நிற்கிறது. முப்பது ஆண்டுகள் வேற்று மாநிலத்தில் வாழ்ந்து, அங்கேயே பிள்ளைகளுக்கு மணமுடித்து, பேரப் பிள்ளைகளையும் கண்டவர்கள், அடுத்த வீட்டு இலையில் முதலில் எதைப் பரிமாறுவார்கள் என்பதை அறியாமலே ஊர் திரும்புவதைக் காண்கிறோம்.

நாங்களும் அவ்வாறே இருந்தவர்கள். ஆதலால் பிறருக்குப் புத்தி கூறும் தகுதியோடு இதை எழுதவில்லை. எங்கள் பிழை ஒன்றைச் சொல்லியே தொடங்குகிறோம்.

கிண்ணத்தில் வந்த கசப்பு

1988ஆம் ஆண்டில் அலுவல் மாற்றம் பெற்று நாங்கள் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தோம். அந்நகருக்குக் கொல்கத்தா என்ற பெயர் அரசு முறையில் வந்தது 2001இல்தான். எங்களோடு எங்கள் தாயாரும் ஏழு வயது மகளும் வந்தனர். தெற்குக் கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை அடுத்த தெருக்களில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவருவதை வாசகர்கள் அறிவர். வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, காப்பிப்பொடி யாவும் அங்கே கிடைத்தன. ஊர் மாறிய உணர்வே எங்களுக்கு உண்டாகவில்லை. அதையே பெரும் பேறாகக் கருதினோம்.

குடியேறிய நான்காம் நாள் நண்பகலில் அடுத்த வீட்டுச் சிறுவன் ஒரு வெண்கலக் கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி வந்தான். டாக்குமா கொடுத்தனுப்பியதாகச் சொல்லி வைத்துவிட்டு ஓடிவிட்டான். டாக்குமா என்பது, தந்தையைப் பெற்ற பாட்டியை வங்காளியர் அழைக்கும் சொல். மூடியைத் திறந்தோம். வெளிறிய குழம்பில் முருங்கைக்காயும் வாழைக்காயும் கத்தரிக்காயும் பாகற்காயும் துண்டு துண்டாகக் கிடந்தன. கடுகெண்ணெயின் நெடி மூக்கில் ஏறியது. ஒரு துளியை நாவில் வைத்தோம், கசந்தது. பாலும் சேர்த்திருந்தார்கள். பாகற்காயில் யாரேனும் பாலை ஊற்றுவார்களா என்று எங்கள் தாயார் முகம் சுளித்தார். சமையல் கெட்டுப்போகவே நம் வீட்டுக்குத் தள்ளிவிட்டார்கள் போலும் என்று நாங்களும் நகைத்தோம். பின்கட்டுத் தொட்டியில் அதைக் கொட்டினோம். கிண்ணத்தைத் துலக்கி, மாலையில் வெறுமையாகவே திருப்பி அனுப்பினோம்.

அண்டை வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது நம் ஊரில் வழக்கமன்று. ஒரு பிடிச் சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ வைத்துத்தான் கொடுப்போம். நம் ஊர் வழக்கத்தைக் காப்பதாக எண்ணிப் பிறர் உணவை ஒதுக்கிய நாங்கள், அன்று அந்த வழக்கத்தையே மறந்துபோனோம். பின்கட்டுத் தொட்டி அவர்கள் சமையலறைச் சன்னலுக்கு நேர் எதிரே இருந்தது என்பதையும் கருதவில்லை.

மூன்று வாரங்களுக்குப் பின்னர் எங்கள் மகள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். அதற்குள் அவளும் அடுத்த வீட்டுச் சிறுவனும் விளையாட்டுத் தோழர்கள் ஆகியிருந்தனர். "அதை டாக்குமா தம்முடைய சொந்தப் பாத்திரத்திலே செய்தாராம். அந்தப் பாத்திரத்தை வேறு யாரும் தொடக்கூடாதாம். நாம் மீன் சாப்பிடாதவர்கள் என்று கேட்டு, நமக்காகவே செய்தாராம். நாம் கொட்டியதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லையாம்" என்றாள். எங்களுக்கு மறுமொழி தோன்றவில்லை.

அந்தத் தனிப் பாத்திரத்தின் பொருளைப் பின்னரே அறிந்தோம். வங்காளத்து உயர்சாதி இல்லங்களில் கணவனை இழந்த பெண்ணுக்கு மீன், இறைச்சி, வெங்காயம், பூண்டு, மசூர்ப் பருப்பு ஆகியவற்றை விலக்கிவைத்திருந்தனர். மீனின்றிச் சோறில்லை என்னும் நாட்டில், சிறு வயதிலேயே கைம்மை எய்திய பெண்கள் தமக்கெனத் தனி அடுப்பு மூட்டிக்கொள்ள நேர்ந்தது. ஈசுவர சந்திர வித்யாசாகரின் பெருமுயற்சியால் 1856இல் விதவையர் மறுமணத்தை ஏற்கும் சட்டம் வந்தது. சமையலறைச் சட்டம் அதன் பின்னும் நெடுங்காலம் மாறவில்லை. கிடைத்த காய்கறிகளையும் கீரைகளையும் தோல்களையும் தண்டுகளையும் கொண்டு அப்பெண்கள் ஆக்கிய மரக்கறி உணவு, இன்று வங்காளச் சமையலின் நுண்ணிய பகுதிகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அத்தகைய அடுப்பிலிருந்து வந்ததையே நாங்கள் தொட்டியில் கொட்டினோம்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். எங்களுக்குத் தெரிந்த வங்காளி சொற்ப அளவே. அம்மூதாட்டி எங்கள் வீட்டுப் பெண்மணியைப் 'பௌமா' என்று, தம் மருமகளை அழைப்பது போலவே அழைத்து அமரச் சொன்னார். மன்னிப்பை நாங்கள் எவ்வாறு சொன்னோம் என்பது நினைவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அனைவரும் உண்ண வரவேண்டும் என்று அவர் கூறியது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு முதற்பாடம் கிடைத்தது. நம் இலையில் கறி, கூட்டு, பச்சடி யாவற்றையும் முன்னரே பரிமாறிவிட்டு, பின்பு சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று வரிசையாகச் செல்கிறோம். வங்காளியர் முறை வேறு. ஒவ்வொன்றும் தனியே வரும். ஒவ்வொன்றுக்கும் சிறிது சோறு. முதலில் வருவது கசப்பு. நாங்கள் கொட்டிய குழம்புக்குச் சுக்தோ என்று பெயர். உண்ணத் தொடங்கும்போதே கசப்பை ஏற்றால் நாவு தூய்மையாகிப் பசி எழும் என்பது அவர்கள் கருத்து. அதன் பின் பருப்பும் அதனுடன் ஏதேனும் ஒரு வறுவலும். பின்பு காய்கறிகளும், உண்பவர்க்கு மீனும். அதன் பின் இனிப்புச் சட்டினியும் அப்பளமும். முடிவில் இனிப்புத் தயிரும் பலகாரமும். கசப்பில் தொடங்கி இனிப்பில் முடிக்கும் ஒழுங்கை அறியாமல், நடுவிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துச் சுவைத்துச் சமையல் கெட்டது என்று நாங்கள் தீர்ப்புக் கூறியிருந்தோம்.

எங்கள் தாயார் மெல்லக் கேட்டார்: "நம் வேப்பம்பூ ரசமும் கசப்புதானே?" ஆம், சித்திரை முதல் நாளில் மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவைச் சேர்ப்பவர்கள் நாம். கசப்பு நமக்குப் புதிதன்று. பிறர் வீட்டுக் கசப்பே புதிதாக இருந்தது. மூதாட்டியின் அலமாரியில் பெருங்காய டப்பா இருப்பதையும் தாயார் கண்டார். வெங்காயமும் பூண்டும் விலக்கப்பட்ட அடுப்பில் மணம் கூட்டியது பெருங்காயமே. இருவருக்கும் பொதுமொழி ஒன்றுகூட இல்லை. எனினும் அந்த டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தனர்.

ஏகாதசியன்று உண்ட சோறு

வங்காளியர்க்குப் பூரிப் பயணம் மிக உவப்பானது. 1991இல் அடுத்த வீட்டார் புறப்பட்டபோது எங்களையும் அழைத்தனர். ஹௌராவில் இரவு ரயிலேறினால் காலையில் பூரி. எங்கள் தாயார் வழக்கம்போல் கட்டுச்சோறு கட்டினார். ஆனால் இம்முறை இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துக் கட்டினார். புளியோதரையை டாக்குமா மிகவும் விரும்பி உண்டார்.

பூரி ஜகந்நாதர் கோயிலின் மடைப்பள்ளி உலகறிந்தது. அங்கே விறகடுப்பில், புதிய மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைக்கின்றனர். இறைவனுக்குப் படைத்தபின் அவ்வுணவு மகாபிரசாதம் ஆகிறது. கோயில் வெளிச்சுற்றிலுள்ள ஆனந்த பஜாரில் அதைப் பானையோடு விலைக்குப் பெற்றுத் தரையில் அமர்ந்து உண்ணலாம். மகாபிரசாதத்துக்குத் தீட்டு இல்லை என்பது அங்கே மரபு. எந்தச் சாதியாரும் ஒரே கலத்திலிருந்து எடுத்து உண்கின்றனர். கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

நாங்கள் சென்ற நாள் ஏகாதசி. வங்காளத்து விதவையர் அந்நாளில் சோற்றைத் தொடுவதில்லை. துளி நீரும் அருந்தாமல் நோன்பிருந்தவர் பலர். டாக்குமாவும் இளமை முதல் அவ்வாறே இருந்தவர். ஆனால் பூரியில் ஏகாதசியன்றும் மகாபிரசாதத்தை உண்ணலாம் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. மகன், மருமகள், பேரன், நாங்கள் என்று அனைவரும் ஒரு பானையைச் சுற்றி அமர்ந்தோம். அவரும் எங்களோடு அமர்ந்து சோறு உண்டார். தம் வீட்டுக் கூடத்தில் ஒருநாளும் அவர் அனைவருடனும் ஒரே பானைச் சோற்றை உண்டவரல்லர். பேரன் திரும்பத் திரும்ப அவர் இலையில் பருப்பை வைத்துக்கொண்டிருந்தான்.

அப்பருப்பில் காரம் இல்லை என்று எங்கள் மகள் குறைப்பட்டாள். பூரிக் கோயிலில் மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றைச் சேர்ப்பதில்லை. அவை பிற நாட்டுப் பொருள்கள் என்பதே காரணம். இதை அறிந்தபோது நாங்கள் சிந்தனையில் ஆழ்ந்தோம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. வாஸ்கோட காமா 1498இல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த பின்னர், போர்ச்சுகீசியர் கப்பல்களில் 16ஆம் நூற்றாண்டில் அது நம் நாட்டை அடைந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் ஆதலால் நம் முன்னோர் அதை மிளகாய் என்றனர். வந்தேறி என்பதை அதன் பெயரே காட்டுகிறது. உருளைக்கிழங்கும் தக்காளியும் அக்கண்டத்திலிருந்து பின்னர் வந்தவையே. நம் ரசத்துக்கு உயிரான பெருங்காயம் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் வருவது. இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் அதைப் பயிரிடும் முயற்சியே 2020இல்தான் தொடங்கியது.

ஆக, மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலியும், தக்காளி ரசமும், உருளைக்கிழங்குக் கறியும் தூய தமிழ் உணவு என்று நாம் பெட்டியில் கட்டிச் செல்லும்போது, பாதி உலகத்தையே கட்டிச் செல்கிறோம். என்றோ ஒருநாள் நம் முன்னோரில் ஒருவர் அந்தச் சிவந்த காயை முதன்முதலாக வாயில் வைத்திருப்பார். அவர் முகம் சுளித்துத் தொட்டியில் கொட்டியிருந்தால் இன்று நமக்கு மிளகாய்ப்பொடி ஏது?

இரு கைகளாலும் ஏற்றது

டாக்குமா 1997இல் காலமானார். அவர் மருமகள் அந்த வெண்கலக் கிண்ணத்தை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறோம்.

2003இல் எங்கள் மகள் டில்லியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் காணச் சென்றவர்கள், தாயாரையும் அழைத்துக்கொண்டு அமிர்தசரஸ் சென்றோம். பொற்கோயிலைக் கண்டு வணங்கிய பின் லங்கர் என்னும் அன்னசாலைக்குச் சென்றோம். சீக்கிய சமயத்தைத் தோற்றுவித்த குரு நானக் தொடங்கிய இவ்வறத்தை, மூன்றாம் குருவான அமர்தாஸ் கோயிந்தவாலில் உறுதியாக நிலைநாட்டினார். தம்மைக் காண வருவோர் முதலில் பந்தியில் அமர்ந்து உண்ணவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அக்பர் சக்கரவர்த்தியும் அவ்வாறே தரையில் அமர்ந்து உண்டார் என்று சீக்கியர் மரபு கூறுகிறது.

தலையை மூடிக்கொண்டு, காலணியைக் களைந்து, தட்டை ஏந்தி உள்ளே சென்றோம். நீண்ட பாய்களில் நூற்றுக்கணக்கானோர் வரிசையாக அமர்ந்திருந்தனர். எச்சமயத்தவர், எந்நாட்டவர், செல்வர், ஏழை என்று கேட்பார் எவருமில்லை. எங்கள் தாயாருக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. தீர்த்த யாத்திரை போன இடங்களிலும் தம் கையால் சமைத்ததையன்றி உண்ணாதவர். பூரியில் உண்டது இறைவனுக்குப் படைத்தது என்பதால். இங்கே என்ன செய்வாரோ என்று நாங்கள் தயங்கினோம். அவருடைய ஒருபுறம் லாரி ஓட்டுநர் ஒருவர். மறுபுறம் கைக்குழந்தையோடு ஓர் இளந்தாய்.

பருப்பும் பாயசமும் தட்டில் விழுந்தன. ரொட்டி கொண்டுவந்தவர் தாயார் முன் நின்றார். தாயார் வலக்கையை நீட்டினார். அவர் ரொட்டியை இடவில்லை, கோபிக்கவும் இல்லை, காத்து நின்றார். பக்கத்திலிருந்த லாரி ஓட்டுநர் தம் இரு கைகளையும் சேர்த்து ஏந்திக் காட்டினார். அங்கே ரொட்டியை இரு கைகளாலும் ஏற்கவேண்டும். அது உணவகத்தில் கேட்டு வாங்குவது போன்றதன்று, அருளாகப் பெறுவது. நம் கோயில்களில் பிரசாதத்துக்கு இடக்கையின் மேல் வலக்கையை வைத்து ஏந்துகிறோம் அல்லவா? அதைப் புரிந்துகொண்ட தாயார் இரு கைகளையும் ஏந்தினார். ரொட்டி விழுந்தது. உண்டு முடித்த பின், "உப்பு அளவாக இருந்தது" என்றார். எங்கள் தாயாரை அறிந்தவர்கள், இதற்கு மேலான பாராட்டை அவர் வாயிலிருந்து கேட்டிருக்கமாட்டார்கள்.

அதன் பின் அவர் வெளியேறவில்லை. பூண்டு உரிக்கும் பெண்கள் கூட்டத்தில் போய் அமர்ந்துகொண்டார். தம் வீட்டில் பூண்டைச் சேர்க்காதவர், முக்கால் மணி நேரம் பூண்டு உரித்தார். உண்ட வீட்டில் உழைக்காமல் எழக்கூடாது என்றார்.

அன்றிரவு விடுதியில் அவர் வேறொன்றும் சொன்னார். எங்கள் தாயார் கடலூர்ப் பக்கத்தவர். வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமசாலை அவர் பிறந்த ஊருக்கு அண்மையிலேயே உள்ளது. வருவோர்க்கெல்லாம் வேறுபாடின்றி உணவளிக்க அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. "அங்கே எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஜோதியைக் கும்பிட்டிருக்கிறேன். பந்தியில் மட்டும் உட்கார்ந்ததில்லை. உட்கார வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் உட்காரவில்லை" என்றார்.

அச்சொற்கள் எங்களை உறுத்தின. பந்தி என்பது நம் நாட்டில் எளிய செய்தியாக என்றும் இருந்ததில்லை. வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்க்குத் தனியே உணவளித்தது பற்றி எழுந்த பூசல், 1925இல் தமிழகத்தையே உலுக்கியது. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் அக்காலத்தில் வளர்ந்தவர்கள். யாரோடு அமர்ந்து உண்பது என்ற கேள்விக்கு அவர்கள் பழகிய விடையை, நாமும் அறியாமலே அடுக்குப் பாத்திரத்தில் வைத்துச் சுமக்கிறோம். மறு ஆண்டு ஊருக்குச் சென்றபோது எங்கள் தாயார் வடலூர்ப் பந்தியில் அமர்ந்து உண்டார். பிறர் பந்தியில் அமர்ந்த பிறகே தம் ஊர்ப் பந்தியும் அவருக்குத் திறந்தது.

மறுப்பதற்கும் முறை உண்டு

இங்கே வாசகர் ஒரு வினா எழுப்பலாம். 'எங்கள் வீட்டில் புலால் உண்பதில்லை. எங்கள் விரதங்களை விட்டுவிட வேண்டுமா?' என்பதே அது. வேண்டியதில்லை. நாங்களும் விடவில்லை. தம் நெறியைக் காப்பது வேறு. பிறர் உணவை இகழ்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே எங்கள் பழைய பிழை.

2014இல் எங்கள் மகளும் மருமகனும் குவாஹாட்டியில் பணியாற்றினர். ஹௌராவிலிருந்து சராய்காட் எக்ஸ்பிரஸில் அங்கே சென்றோம். மருமகனின் நண்பரான ஓர் அஸ்ஸாமியர் எங்களை விருந்துக்கு அழைத்தார். அவர்கள் இல்லத்தில் மீனின்றி விருந்தில்லை. முன்னாளிலேயே எங்கள் மகள் அவ்வீட்டு அம்மையாரிடம், "என் பெற்றோர் புலால் உண்ணாத நோன்புடையவர்கள். உங்கள் வீட்டுச் சோறும் காயும் அவர்களுக்குப் போதும்" என்று சொல்லிவைத்தாள். நோன்பு எங்களுடையது என்று சொன்னாளே அன்றி, மீனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

முதலில் கார் என்னும் உணவு வந்தது. காய்ந்த வாழைப்பழத் தோலை எரித்த சாம்பலில் நீரூற்றி வடித்த காரநீரில் பப்பாளிக்காயை வேகவைத்திருந்தனர். சாம்பல் நீரா என்று மனம் ஒரு நொடி தயங்கியது. சுக்தோவை நினைத்துக்கொண்டு உண்டோம். மெல்லிய சுவை, வயிற்றுக்கு இதமானது. வங்காளியர் கசப்பில் தொடங்குவது போல் அஸ்ஸாமியர் காரில் தொடங்குகின்றனர். பருப்பும், கடுகெண்ணெய் விட்டு மசித்த உருளைக்கிழங்கும், புளிப்புக் குழம்பும் தொடர்ந்தன. பந்தியில் மற்றவர்கள் புளிப்பிட்ட மீன் குழம்பை உண்டனர். எங்கள் மருமகனும் உண்டார். அது அவர் விருப்பம். நாங்கள் மூக்கைப் பொத்தவுமில்லை, விலகி அமரவுமில்லை.

விருந்தின் முடிவில் வெற்றிலையும் பாக்கும் நீட்டினர். அதை அவர்கள் தாமுல் என்கின்றனர். நம் தாம்பூலத்தின் உடன்பிறப்பு அச்சொல். அஸ்ஸாமியர் அதை ஏற்காமல் விடுவதை மரியாதைக் குறைவாகக் கருதுவர். பச்சைப் பாக்கு ஆதலால் எங்களுக்குத் தலை சுற்றி வியர்த்துவிட்டது. வீட்டார் அனைவரும் சிரித்து, விசிறி கொண்டு வீசினர். அந்தச் சிரிப்புக்குப் பின் நாங்கள் விருந்தாளிகளாக நடத்தப்படவில்லை, உறவினராகவே நடத்தப்பட்டோம்.

ஓர் அடுக்கைக் காலியாக

இவ்வளவு ஆண்டுகளில் நாங்கள் கற்றவை சிலவே. பிறர் வீட்டில் உண்ண அமர்ந்தால் முதலில் எதை உண்ணவேண்டும் என்று கேட்டு அறிதல் நலம். கேட்பதால் நமக்குக் குறைவில்லை, சொல்பவருக்கோ மகிழ்ச்சி. எந்த உணவையும் நம் உணவோடு ஒப்பிட்டு எடைபோடாதிருத்தல் அதனினும் நலம். சாம்பார் இல்லையே என்று ஏங்குபவருக்கு எதிரிலுள்ள கிண்ணத்தின் சுவை தெரியாது. மறுக்க நேர்ந்தால் நம் நோன்பைக் காரணமாகச் சொல்லலாம். அவர்கள் உணவைக் காரணமாகச் சொல்லலாகாது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. இவை அனைத்தையும்விட முதன்மையானது ஒன்று உண்டு. நம் குழந்தைகள் எதிரில் பிறர் உணவைக் கண்டு 'சீ' என்று சொல்லாதிருப்போமாக. அக்குழந்தைகள் நாளும் பள்ளியில் அந்த உணவை உண்போர் நடுவில் அமர்கின்றனர். வீட்டில் கேட்ட அச்சொல்லை அங்கே சொன்னால் நட்பு முறியும். சொல்லாமல் விழுங்கினால், தாமும் பிறர் கண்ணில் அவ்வாறே இகழப்படுவோமோ என்று அஞ்சித் தம் தயிர்ச்சோற்றை மறைத்து உண்பர்.

எங்கள் மகள் அச்சமின்றித் தயிர்ச்சோற்றை உண்டு வளர்ந்தாள். டாக்குமாவிடம் கேட்டுக்கொண்ட முறைப்படி இன்று அவள் வீட்டில் சுக்தோவும் சமைக்கப்படுகிறது. அதற்குரிய முருங்கைக்காய், நாங்கள் அன்று நம் ஊர்க் காய் என்று பெருமிதத்தோடு வாங்கிய அதே லேக் மார்க்கெட்டிலிருந்து வருகிறது.

அந்த வெண்கலக் கிண்ணம் எங்களிடமே உள்ளது. நம் சித்திரைப் பிறப்பும் வங்காளியரின் வைகாசிப் புத்தாண்டும் ஏப்ரல் நடுவில் அடுத்தடுத்து வருகின்றன. ஆண்டுதோறும் சித்திரை முதல் நாளில் வேப்பம்பூ இட்ட மாங்காய்ப் பச்சடியை அதில் நிரப்பி அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறோம். அன்று கிண்ணம் ஏந்தி வந்த சிறுவனின் குழந்தைகள் இப்போது அதை உண்கின்றனர். மறுநாள் அவர்கள் புத்தாண்டுக்குக் கிண்ணம் நிறைந்தே திரும்பி வருகிறது.

கோடை விடுமுறை நெருங்குகிறது. நம் குடும்பங்கள் பலவும் ரயிலேறும் காலம் இது. கட்டுச்சோற்றைக் கட்டுங்கள், பிள்ளைகளுக்கு அதைப் போன்ற இன்பம் வேறில்லை. ஆனால் அடுக்குப் பாத்திரத்தில் ஓர் அடுக்கை மட்டும் காலியாக எடுத்துச் செல்லுங்கள். எதிர் இருக்கையிலிருப்பவரிடம் முதலில் உங்கள் புளியோதரையை நீட்டுங்கள். அவர் எதையேனும் திருப்பி நீட்டுவார். அதை ஏற்பதற்கு அந்த அடுக்கு உதவும்.